பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சா?

வீட்டிலேயே ஸ்டீரியோ ஈக்குவலைசர் கட்டியவர்களின் கேள்விகள் இந்த முறை மொத்தமாக வந்து குவிந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கவலை: இடதும் வலதும் ஒத்துப்போகிறதா? வாருங்கள், பார்த்துவிடுவோம்.

கே: பத்து பேண்ட் ஸ்டீரியோ ஈக்குவலைசர் ஒன்றை நானே அசெம்பிள் செய்திருக்கிறேன். இரண்டு சேனலும் சமமாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? (திண்டுக்கல்)

ப: பத்து பேண்டா? அப்படியானால் பத்துப் பொருத்தம்! ஒரே சிக்னலை இரண்டு இன்புட்டுக்கும் கொடுங்கள். இரண்டு அவுட்புட்டிலும் வோல்டேஜ் எடுத்து எழுதுங்கள். ஸ்லைடர் எல்லாம் நடுவில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை. பிறகு ஒவ்வொரு பேண்டாக.

மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர், பெண் எவ்வளவு கெட்டிக்காரி என்பதல்ல இங்கே விசாரணை. ஜோடி சேருமா? அவ்வளவுதான்.

கே: ஸ்டீரியோ என்றாலே இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தம்தானே? அப்புறம் எதற்குச் சமம்? (கரூர்)

ப: வேறாக இருக்க வேண்டியது பாட்டு. கருவி அல்ல. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே பாடகி நிற்பதாகத் தோன்றுகிறதே, அங்கே ஸ்பீக்கரே கிடையாது. இரு பக்கமும் அவர் குரல் ஒரே அளவில் வருவதால் மூளை அவருக்கு நடுவில் ஒரு நாற்காலி போடுகிறது.

எல்லா பேண்டிலும் ஒரே அளவுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால்கூடச் சமாளிக்கலாம். பேலன்ஸ் குமிழ் எதற்கு இருக்கிறது? கீழ்ஸ்தாயி இடது பக்கமும் மேல்ஸ்தாயி வலது பக்கமும் சாய்ந்தால்தான் விபரீதம். ஒரே பாடகி, தொண்டை மயிலாப்பூரில், உதடு மாம்பலத்தில்.

கே: எவ்வளவு வித்தியாசம் வரை மன்னிக்கலாம்? (ஈரோடு)

ப: அரை டெசிபெலுக்குள் இருந்தால் பாஸ். 0.2க்குள் வந்தால் டிஸ்டிங்ஷன். 1 டெசிபெல் தாண்டினால் மறுதேர்வு.

வோல்டேஜ் கணக்கில் சொன்னால்: 1 டெசிபெல் என்பது 12 சதவீத வித்தியாசம். அரை டெசிபெல் 6 சதவீதம். 0.1 டெசிபெல் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துவிட்டால் கால்குலேட்டருக்கு ஓய்வு.

கே: டெசிபெல் யார் வீட்டுப் பிள்ளை? (எட்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

ப: டெலிபோன் வீட்டுப் பிள்ளை. அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் பெயரில் ஒரு ‘பெல்’. அதில் பத்தில் ஒரு பங்கு டெசிபெல். ஈக்குவலைசரும் அதே வீட்டில் வளர்ந்ததுதான். நெடுந்தூரக் கம்பியில் போன பேச்சு, மேல்ஸ்தாயியை வழியில் தொலைத்துவிட்டு வந்து சேரும். தொலைத்ததைத் திருப்பிக் கொடுத்துச் சமன் செய்த சர்க்யூட்டுக்கு ‘சமனாக்கி’ என்றே பேர் வைத்தார்கள். சமமாக்குவதற்கென்று பிறந்த கருவி தன் இரண்டு கையையும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

கே: ரிச்சி தெருவில் மலிவாக வாங்கிய மஞ்சள் மல்டிமீட்டர் இருக்கிறது. போதுமா? (தாம்பரம்)

ப: பேட்டரி செக் பண்ணப் போதும். அதன் ஏசி பக்கத்தைப் பாருங்கள்: 200, 750 என்று இரண்டே ரேஞ்ச்தான் இருக்கும். 200இல் வைத்தால் அது காட்டும் மிகச் சிறிய அளவு 0.1 வோல்ட். உங்கள் சிக்னலே 1 வோல்ட். கடைசி இலக்கம் ஒன்று புரண்டால் 10 சதவீதம், அதாவது 0.8 டெசிபெல் காலி.

லாரி எடை போடும் மேடையில் மூக்குத்தியை வைக்காதீர்கள். ஏசி 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டராக வாங்குங்கள்.

கே: சாதாரண மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தப்பாகக் காட்டும் என்கிறார் எங்கள் சார். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் பேண்டை எப்படிச் சோதிப்பது? (பாலிடெக்னிக் மாணவி, காரைக்குடி)

ப: சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் உங்களுக்கு வேண்டியது உண்மையான வோல்டேஜா, இரண்டு வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசமா? மீட்டர் பத்தாயிரத்தில் குறைத்துக் காட்டினால் இடதுக்கும் குறைக்கும், வலதுக்கும் அதே அளவு குறைக்கும். வகுத்துப் பாருங்கள், பொய்யை மேலும் கீழும் அடித்துவிடலாம்.

இரண்டு நிபந்தனை. ஒரே மீட்டர், ஒரே ரேஞ்ச். பக்கத்து பெஞ்சு மீட்டரைக் கடன் வாங்கி ஒரு சேனலுக்கு ஒன்று வைத்தீர்களோ, இரண்டு பொய்யும் வேறு வேறாகிவிடும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசைத்தான் உவமை சொன்னார். ஒரு தராசு. இரண்டு அல்ல.

கே: சிக்னலுக்கு எங்கே போவது? ஜெனரேட்டர் வாங்க வசதியில்லை. (அறந்தாங்கி)

ப: சட்டைப் பையில் இருக்கிறது. டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். 250 மில்லிவோல்ட் அளவு வைத்தால் போதும். ஒரு பேண்டை 12 டெசிபெல் ஏற்றினால் நான்கு மடங்கு, அதாவது 1 வோல்ட் ஆகும். மீட்டருக்கும் வசதி, ஐசிக்கும் மூச்சுமுட்டாது.

கே: போனில் இடது, வலது இரண்டு அவுட்புட் இருக்கிறதே. அதை அப்படியே ஈக்குவலைசரில் செருகலாமா? (அதே அறந்தாங்கி)

ப: கூடாது. போனின் இரண்டு பக்கமும் சமம் என்று உங்களுக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தார்கள்? ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, ஒய் வயர் போட்டு இரண்டு இன்புட்டுக்கும் பிரியுங்கள்.

பிரிக்கலாம், சேர்க்கக் கூடாது. ஒரு குழாயில் இரண்டு குடம் பிடிக்கலாம். இரண்டு குழாயின் வாயை ஒன்றோடொன்று வைத்து அழுத்தினால் நனைவது நீங்கள்தான். அவுட்புட் இரண்டை ஒட்டினாலும் அதே கதி.

கே: இடதை அளந்து, வலதை அளந்து, வகுத்து, லாக் எடுத்து... தலை சுற்றுகிறது. குறுக்கு வழி உண்டா? (திருவாரூர்)

ப: உண்டு. குறுக்கே போவதுதான் வழியே! மீட்டரின் ஒரு முனையை இடது அவுட்புட்டின் சிக்னல் முனையிலும், மறு முனையை வலது அவுட்புட்டின் சிக்னல் முனையிலும் வையுங்கள். கிரவுண்டை மறந்துவிடுங்கள். மீட்டர் இப்போது காட்டுவது வித்தியாசம் மட்டும்.

அவுட்புட் 1 வோல்ட்டாக இருக்கையில் 12 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 டெசிபெல். 59 காட்டினால் அரை. 122 காட்டினால் ஒன்று. பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பொருத்தம் பிரமாதம். ஸ்லைடரை மெல்ல நகர்த்திக்கொண்டே பார்க்கலாம். எந்த இடத்தில் ஜோடி பிரிகிறது என்று மீட்டரின் எண் குதித்துக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி மீட்டருக்கு மட்டுமே இந்த வித்தை. ஆஸிலோஸ்கோப்பின் கிளிப் கிரவுண்டோடு பிறந்தது; அதை அவுட்புட்டில் மாட்டினால் ஷார்ட்.

இன்னொன்று. இரண்டு சேனலின் ஃபேஸும் கொஞ்சம் விலகியிருந்தால் அதையும் சேர்த்தே மீட்டர் காட்டும். ஒரு டிகிரி விலகினாலே 17 மில்லிவோல்ட். அதனால் குறைந்த எண் வந்தால் தைரியமாக நம்பலாம். கூடுதல் எண் வந்தால் தனித்தனியாக அளந்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

கே: நீங்கள் ஏற்கெனவே யாருக்கோ சொன்ன குறுக்கு வழியைச் செய்தேன். பூஜ்யம் வருவதற்குப் பதில் இரண்டு மடங்கு வருகிறது! (பட்டுக்கோட்டை)

ப: வாழ்த்துகள், நோயைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். ஒரு சேனல் தலைகீழாக ஃபேஸ் மாறியிருக்கிறது. ஆப்-ஆம்ப் ஸ்டேஜ் ஒன்று அந்தப் பக்கம் மட்டும் சிக்னலைப் புரட்டிப் போடும்படி இணைந்திருக்கும். இவ்வளவு நாளாகப் பாட்டில் பாஸ் காணோம், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை என்று ஸ்பீக்கரைத் திட்டியிருப்பீர்களே? மன்னிப்புக் கேளுங்கள்.

கே: என் கணவர் மூன்று வாரமாக ஒரே பாட்டைப் போட்டு, தலையை இடதும் வலதும் சாய்த்துக்கொண்டிருக்கிறார். வைத்தியம்? (பெயர் வேண்டாம், சேலம்)

ப: காதால் அளக்கிறார், அதுதான் வியாதி. ஒரு மணி நேரம் கேட்ட பாட்டில் காது சமாதானமாகிவிடும். மறுநாள் காலையில் மறுபடி சந்தேகப்படும். மேலே இருக்கும் இரண்டு பதிலையும் கத்தரித்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். மீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை. அதன்பின் வீட்டில் வேறு பாட்டுக் கேட்கும்.

கே: எனக்கு எப்போதுமே வலது பக்கம்தான் சத்தம் அதிகம். ஈக்குவலைசரைக் கழற்றிவிட்டாலும் அப்படியே! (மதுரை)

ப: ஹெட்போனைப் போடுங்கள். பிறகு இடது வலது மாற்றிப் போடுங்கள். சாய்வு இடம் மாறினால் கருவி. மாறாமல் வலதிலேயே நின்றால், ரிச்சி தெருவுக்குப் போக வேண்டாம். காது டாக்டரிடம் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போய் வாருங்கள்.

கே: ஒரு சேனல் குறைவு. பிளேயரா, ஈக்குவலைசரா, ஆம்ப்ளியா, ஸ்பீக்கரா? குற்றவாளி யார்? (விருதுநகர்)

ப: வயரை மாற்றிப் போடுவதுதான் போலீஸ் விசாரணை. முதலில் ஈக்குவலைசரின் இன்புட்டில் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். குறை பக்கம் மாறினால் குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கிறான். மாறாவிட்டால் இன்புட்டைப் பழையபடி வைத்து, அவுட்புட்டில் மாற்றுங்கள். இப்போது மாறினால் ஈக்குவலைசர்தான். அப்போதும் மாறவில்லையா? ஆம்ப்ளியும் ஸ்பீக்கரும் மிச்சம். அங்கேயும் இதே நியாயம். ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிறவர் விசாரிக்கவில்லை, சாட்சியைக் கலைக்கிறார்.

கே: கெப்பாசிட்டரில் 473ஜே, 473கே என்று வெவ்வேறு எழுத்து. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்கிறார். (கோயம்புத்தூர்)

ப: 473 என்பது இரண்டிலும் ஒன்றுதான்: 0.047 மைக்ரோஃபாரட். எழுத்துதான் குணம். ஜே என்றால் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். கே என்றால் 10. எம் என்றால் 20.

ஜே போட்டால் பிழைத்தோம் என்றும் நினைக்காதீர்கள். காயில் இல்லாமல் ஆப்-ஆம்பை வைத்தே காயில்போல் நடிக்கவைக்கும் சர்க்யூட்தான் பெரும்பாலான வீட்டு ஈக்குவலைசரில் இருக்கும். அதில் ஒரு பேண்டின் மையத்தை இரண்டு கெப்பாசிட்டர்கள் தீர்மானிக்கும். இடதில் இரண்டும் 5 சதவீதம் கூடுதல், வலதில் இரண்டும் 5 சதவீதம் குறைவு என்று அமைந்துவிட்டால்? முகப்பில் 1000 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பீர்கள். இடது 952இல் உட்கார்ந்திருக்கும், வலது 1053இல். கிட்டத்தட்ட சட்ஜமத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள தூரம்!

கே: அப்படியானால் ஒரு சதவீத கெப்பாசிட்டர் வாங்க வேண்டுமா? விலை கேட்டால் மயக்கம் வருகிறது. (திருச்சி)

ப: வேண்டாம். ஐந்து சதவீதத்தில் இருபது வாங்குங்கள். கெப்பாசிட்டன்ஸ் காட்டும் மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, மேலே பேனாவால் எழுதி, வரிசையாக அடுக்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை ஜோடி. ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு.

இரண்டும் 0.0455 ஆக இருந்தாலும் கவலையில்லை. மையம் துளி மேலே போகும், இரு பக்கமும் சேர்ந்தே போகும். இருபது கெப்பாசிட்டரும் ஒரு மாலைப் பொழுதும் சேர்ந்தால் விலையுயர்ந்த சரக்கின் வேலையைச் செய்துவிடும். பொறுமைக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அளக்கும்போது கையில் பிடித்துக்கொண்டே அளக்காதீர்கள். உடம்புச் சூடும் விரலும் எண்ணை நகர்த்தும்.

கே: ரெசிஸ்டரையும் இப்படி ஜோடி பார்க்க வேண்டுமா? (தர்மபுரி)

ப: ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் மலிவாகவே கிடைக்கிறது. ஐந்து வளையம், கடைசியில் பழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். தங்க வளையம் போட்ட கார்பன் ரகம் 5 சதவீதம். நகையில்தான் தங்கம் உசத்தி.

கே: ஒவ்வொரு பேண்டிலும் அதன் மைய ஃப்ரீக்வென்சியில் அளந்தேன். இரு சேனலும் அச்சு அசல். ஆனால் காதில் வித்தியாசம் தெரிகிறது. பிரமையா? (தஞ்சாவூர்)

ப: பிரமை இல்லை, இடம் தப்பு. மலையுச்சி தட்டையானது, உச்சியில் நின்று பார்த்தால் மலை கொஞ்சம் நகர்ந்திருப்பது தெரியாது. சரிவில் நின்று பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் பேண்டை முழுசாக ஏற்றிவிட்டு 700இலும் 1400இலும் அளங்கள். 700இல் இடது கூடுதல், 1400இல் வலது கூடுதல் என்று வந்தால் மையம் விலகியிருக்கிறது. கெப்பாசிட்டர் ஜோடி பார்க்காமல் போட்டீர்கள், அல்லவா?

இரட்டைப் பிள்ளைகளை அடையாளம் கண்டுபிடிக்கப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்வார்கள் பாட்டிமார்கள். அனுபவம்.

கே: 4558 ஐசியைக் கழற்றிவிட்டு 5532 போட்டால் இரண்டு சேனலும் சமமாகிவிடுமா? (ஆம்பூர்)

ப: இரைச்சல் குறையலாம். சமம் ஆகாது. எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை ஐசி முடிவு செய்வதில்லை. அதைச் சுற்றியுள்ள ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள்தான் முடிவு செய்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் ஹெரால்ட் பிளாக், பெல் லேப்ஸ் என்ஜினீயர். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது யோசனை பளிச்சிட்டது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வரைந்துவிட்டார். பெருக்கியின் குணம் எப்படி ஆடினாலும், விடையை ரெசிஸ்டர் பிடித்து நிறுத்தும்.

ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் படகில் தீர்ந்த விஷயம். ஐசியை விடுங்கள், ரெசிஸ்டரை அளங்கள்.

கே: சத்தத்தைக் குறைத்து வைத்தால் மட்டும் பாட்டு இடது பக்கம் ஓடுகிறது. ஏற்றினால் நடுவுக்கு வந்துவிடுகிறது. பேய்? (உசிலம்பட்டி)

ப: பேய்க்கு இரண்டு தட்டு இருக்குமா? இது டூயல் வால்யூம் கண்ட்ரோல். ஒரே குமிழில் இரண்டு கார்பன் தடம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். லாக் வகையில் அடிமட்டத்தில்தான் ஓட்டம் அதிகம் பிசகும்.

மருந்து: லாக் வேண்டாம். பி100கே என்று போட்ட லீனியர் டூயல் வாங்குங்கள். நடுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 15கே ரெசிஸ்டர் ஒன்று, ஜோடி பார்த்தது. குமிழ் லாக் மாதிரியே நடக்கும், பொருத்தமும் கூடும். இரண்டு ரெசிஸ்டருக்கு இவ்வளவு பெரிய பேய் ஓடும்.

கே: எல்லா ஸ்லைடரையும் உச்சிக்கு ஏற்றினால் என்ன கிடைக்கும்? (பேருந்து ஓட்டுநர், பொள்ளாச்சி)

ப: அதற்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது அண்ணே: வால்யூம்.

கே: இன்புட் கெப்பாசிட்டருக்கும் ஜோடி பார்க்க வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

ப: போட்டதைப் பொறுத்தது. 0.1 மைக்ரோவும் 47கே ரெசிஸ்டரும் என்றால் பாஸ் 34 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் 20 சதவீதம் குறைந்த கெப்பாசிட்டர் வந்து மாட்டினால் அந்த இடத்தில் 1 டெசிபெல் வித்தியாசம்.

அதே இடத்தில் 10 மைக்ரோ போடுங்கள். சரிவு 0.3 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். அந்த ஆழத்தில் பாடுகிறவர் யாருமில்லை. பொருத்தமும் பார்க்க வேண்டாம்.

கே: கல்யாணத்தில் எது தட்டினாலும் ரஜ்ஜு தட்டக்கூடாது என்பார்கள். ஈக்குவலைசரில் அப்படி எது? (ஜோசியமும் தெரிந்த எலெக்ட்ரிஷியன், மன்னார்குடி)

ப: ரஜ்ஜு என்றால் கயிறு. இங்கே அந்தக் கயிறு கிரவுண்டு வயர். இரண்டு சேனலின் கிரவுண்டும் பவர் சப்ளையில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். ஒரு சேனலின் கிரவுண்டு ஊர் சுற்றிப் போனால் அந்தப் பக்கம் மட்டும் ‘ம்ம்ம்’ என்று இழுக்கும்; அந்த ஹம்மிங்கையும் மீட்டர் உங்கள் சிக்னல் என்று நினைத்து அளந்துவிடும்.

சந்தேகமா? போனைக் கழற்றி, இரண்டு இன்புட்டையும் கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிட்டு அவுட்புட்டை அளங்கள். அங்கேயே ஒரு பக்கம் மில்லிவோல்ட் ஏறி நின்றால், முதலில் கயிறு. பொருத்தம் பிறகு.

கே: இடதில் மட்டும் பாட்டுக் கொடுத்தால் வலதிலும் மெல்லக் கேட்கிறது. இதுவும் பொருத்தக் குறையா? (வேலூர்)

ப: இல்லை, இது ஒட்டுக் கேட்பது. வலது இன்புட்டை ஷார்ட் செய்து, இடதில் மட்டும் சிக்னல் கொடுத்து, வலது அவுட்புட்டை அளங்கள். இடதில் 1 வோல்ட் இருக்க வலதில் 10 மில்லிவோல்ட் என்றால் 40 டெசிபெல் பிரிவு. கிராமஃபோன் பிக்கப்புகள் 20, 30 டெசிபெலிலேயே ஸ்டீரியோ காட்டின. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கே: ஸ்டீரியோவைக் கண்டுபிடித்தவர் இப்படியெல்லாம் சோதித்தாரா? (சிவகங்கை)

ப: நடந்தே சோதித்தார்! ஆலன் ப்ளம்லைன், இங்கிலாந்தில் இஎம்ஐ என்ஜினீயர். 1931இல் மனைவியோடு சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே காப்புரிமைக்கு மனுப் போட்டார். பிறகு ஆட்களை மைக் முன்னால் நடந்துகொண்டே பேசவைத்துப் பதிவு செய்து, ஸ்பீக்கரில் குரலும் கூடவே நடக்கிறதா என்று பார்த்தார்.

1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோட்டில், தாமஸ் பீச்சம் மோட்சார்ட்டின் சிம்பொனியை நடத்தியதை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். கடைகளில் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவியது 1958இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942 ஜூன் 7 அன்று ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்தார். வயது 38. இடது வலது என்று அளக்க உட்காரும்போது அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: மீட்டரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். பாட்டை வைத்தே சோதிக்க முடியாதா? (புதுக்கோட்டை)

ப: முடியும். நல்ல ஸ்டீரியோவைச் சோதிக்கச் சிறந்த பாட்டு, ஸ்டீரியோவே இல்லாத பாட்டு. 1978இல் வந்த ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அது வேண்டாம், அதில் கருவிகளே இடம் பிரிந்து நிற்கும். 1950, 60களின் மோனோ பாட்டு ஒன்றை எடுங்கள். பாடகர், வீணை, தபேலா எல்லாம் இரு பக்கமும் துல்லியமாக ஒன்றே. ஆகவே எல்லாமே நடுவில் ஒரு கோட்டில் நிற்க வேண்டும். தபேலா மட்டும் ஓரம் ஒதுங்கினால் உங்கள் கீழ் பேண்டுகள் ஜோடி இல்லை. ஜால்ரா ஒதுங்கினால் மேல் பேண்டுகள்.

புதிதாக மெருகேற்றிய பதிப்பில் சிலர் செயற்கை ஸ்டீரியோவைக் கலந்திருப்பார்கள். போனிலேயே மோனோ என்ற பொத்தான் இருக்கிறது, அழுத்திவிட்டுக் கேளுங்கள்.

கே: கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் இன்னும் நன்றாகப் பார்க்கலாமா? (ஓசூர்)

ப: ராஜபோகம். ரூம் ஈக்யூ விசார்ட் இலவசமாகக் கிடைக்கிறது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே இழுப்பில் கோடு போட்டுத் தரும். முதலில் சவுண்ட் கார்டின் அவுட்டையும் இன்னையும் நேராக இணைத்து அதன் சொந்தக் கோணலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முக்கியம்: இடது சேனலையும் வலது சேனலையும் சவுண்ட் கார்டின் ஒரே இன்புட்டில், ஒன்றன்பின் ஒன்றாக அளங்கள். இரண்டு இன்புட்டில் ஒரே சமயம் அளந்தால் கார்டின் பொருத்தத்தையும் சேர்த்து அளக்கிறீர்கள். தராசு ஒன்று என்றேனே, காரைக்குடிப் பெண்ணிடம்? அதேதான்.

கே: மீட்டரில் 0.1 டெசிபெல்தான் வித்தியாசம். ஹாலில் கேட்டால் இடது பக்கம் பாஸ் குமுறுகிறது. (கும்பகோணம்)

ப: இடது ஸ்பீக்கர் மூலையில், வலது ஸ்பீக்கர் வாசல் கதவோரம். சரியா? மூலை பாஸைத் தூக்கும், திறந்த கதவு அதை வெளியே விடும். நாற்காலியையும் பாருங்கள்: ஒரு ஸ்பீக்கர் 2 மீட்டரிலும் மற்றது 2.25 மீட்டரிலும் இருந்தால் நேரடி ஒலியிலேயே 1 டெசிபெல் போயிற்று. வாரக்கணக்கில் ஜோடி சேர்த்த கெப்பாசிட்டர்களின் உழைப்பை ஒரு சாண் தள்ளிப்போட்ட நாற்காலி தின்றுவிடும். அளவு நாடாவை எடுங்கள்.

கே: போனிலேயே இலவச ஈக்குவலைசர் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு? (கல்லூரி மாணவர், சென்னை)

ப: டிஜிட்டலில் பொருத்தம் பார்க்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே கணக்கு, பிசகாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கெப்பாசிட்டர் என்ன செய்யும் என்பதை உங்கள் கை கற்றுக்கொள்வது இந்தப் பெட்டியில்தான். மெஸ்ஸில் சாப்பாடு கிடைக்கிறது என்பதற்காக அம்மா அடுப்பை அணைத்துவிட்டாரா தம்பி?

கே: பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்ட் போட்டு அளக்கிறேன். ஆபத்தா? (பரமக்குடி)

ப: ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கம் 12 வோல்ட், மறு பக்கம் 230. 230 பக்கத்தை ஸ்லீவ் போட்டு மூடுங்கள். அவுட்புட் சாக்கெட்டிலேயே அளக்க முடிகிறபோது உள்ளே கை எதற்கு? விடவேண்டியே வந்தால் ஒரு கை பாக்கெட்டில், காலில் செருப்பு. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்தது. இதில் மட்டும் வேடிக்கை கிடையாது.

கே: பத்தில் ஒன்பது பேண்ட் 0.2க்குள். ஒன்று மட்டும் 0.7. கழற்றி எறியவா? (இராமநாதபுரம்)

ப: எறியாதீர்கள். முதலில் அந்த ஸ்லைடரைக் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். பாதிக் குற்றம் தூசிதான். பிறகு அந்த இடத்து ஈயத்தை மறுபடி சூடாக்குங்கள், ட்ரை சால்டராக இருக்கலாம். அப்போதும் அசையாவிட்டால் எந்தப் பக்கத்துக் கெப்பாசிட்டர் குறைவு என்று பார்த்து, அதன் முதுகில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைப் பேரலலாக ஏற்றுங்கள். 0.047இன் மேல் 0.001 ஏற்றினால் 2 சதவீதம் கூடும்.

0.2க்கு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பத்து பேண்டின் அளவுகளையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஸ்லைடர் தேயும், கெப்பாசிட்டருக்கு வயசாகும். அடுத்த போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மறுபடி திறந்து அளந்து, இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.